350 செவி, 32 ஃபோர்டு: பவரும் சத்தமும் ஒரே இடத்துல இருந்துதான் வருது

தம்பி கேட்டதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், மத்தவங்களுக்கும் புரியணும்ல. ஃபைபர் பாடி 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் கிட் ஒண்ணு வாங்கி சேஸிஸ் வேலை வரைக்கும் முடிச்சிட்டார். பழைய செவி (செவர்லேயைத்தான் அப்படி சொல்வோம்) பிக்கப்ல இருந்து கழட்டுன 350 க்யூபிக் இஞ்ச் வி8 இன்ஜின் கைல இருக்கு, கூட 4 ஸ்பீடு மேனுவல் கியர்பாக்ஸ். 400 ஹெச்பி கிட்ட வரணுமாம், சிக்னல்ல சும்மா நிக்கும்போதே ஆளுங்க திரும்பி பாக்கணுமாம், அதுக்கு எந்த சைலன்சர் வாங்கட்டும், பக்கத்து வீட்டுல புகார் வந்தா என்ன பண்ணட்டும்னு கேக்கறார்.

சைலன்சரை கடைசியா பாத்துக்கலாம் தம்பி. அது இருக்கற சத்தத்துல எதையாவது வெட்டி எடுக்கும், அவ்ளோதான், இல்லாத சத்தத்தை கொண்டு வந்து குடுக்காது. நீங்க யூடியூப்ல கேட்டு மயங்குன அந்த சத்தம் கிராங்க்ல (பிஸ்டன் தள்ளி சுத்தற தண்டு) ஆரம்பிச்சு, கேம்ல (வால்வை திறந்து மூடற தண்டு) உருவாகி, கம்ப்ரஷன்ல (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அழுத்துதுங்கறது) கூர்மையாகி, ஹெடர்ல (சிலிண்டர்ல இருந்து புகையை வெளிய எடுக்கற பைப்புகள்) கலந்து வெளிய வருது. அதுல நல்ல விஷயம் என்னன்னா அதே நாலு இடத்துலதான் பவரும் இருக்கு. அதனால பவருக்குன்னு ஒரு பில், சத்தத்துக்குன்னு ஒரு பில் போட வேண்டியதில்ல, இன்ஜினை ஒழுங்கா கட்டினா சத்தம் கூடவே வந்துடும். நான் பதினஞ்சு வருஷமா வீக்கெண்டுல இந்த வேலைதான் பாக்கறேன், முதல் ரெண்டு இன்ஜினை பாழாக்கித்தான் கத்துக்கிட்டேன், அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல அந்த சத்தம் என்னன்னு பாத்துடுவோம். ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தறதுக்குள்ள, அதாவது 720 டிகிரிக்குள்ள, எட்டு சிலிண்டரும் ஒவ்வொரு தடவை வெடிச்சிடும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 90 டிகிரி. எட்டு எண்ணிக்கைன்னு வெச்சுக்கோங்க, நம்ம ஆதி தாளம் மாதிரி. செவியோட ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. டிரைவர் பக்கம் (அமெரிக்க வண்டி, அதனால இடது பக்கம்) இருக்கறது 1, 3, 5, 7, அந்தப் பக்கம் 2, 4, 6, 8. இப்ப டிரைவர் பக்கத்து பைப்பை மட்டும் காது குடுத்து கேளுங்க. 1 வெடிச்சு மூணு எண்ணிக்கை கழிச்சு 3, அங்கிருந்து ரெண்டு கழிச்சு 5, ஒண்ணே ஒண்ணு கழிச்சு டக்குனு 7, அப்புறம் ரெண்டு கழிச்சு திரும்ப 1. மூணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. வாயால சொல்லிப் பாருங்க: தகிட தக த தக. அந்தப் பக்கத்து பைப்லயும் அதே ஜதிதான், சரியா நாலு எண்ணிக்கை தள்ளி. இதுதாங்க அமெரிக்கன் வி8 சத்தம்னு எல்லாரும் சொல்ற அந்த கொட கொட. ஐடில்ல (வண்டி சும்மா நிக்கும்போது) 750 ஆர்பிஎம்னா இந்த ஜதி செகண்டுக்கு ஆறு தடவை சுத்தி வருது, அந்த வேகத்துல காதால தனித்தனியா பிரிச்சு கேக்கவும் முடியல, ஒரே ஓட்டமாவும் கேக்கல, ரெண்டுக்கும் நடுவுல நிக்கறதாலதான் வயித்துல வந்து தட்டுது.

இதுக்கு காரணம் கிராங்க் குறுக்கு வடிவத்துல இருக்கறது, முன்னாடி இருந்து பாத்தா பிளஸ் குறி மாதிரி. 1920கள்ல கேடிலாக் மாதிரி கம்பெனிங்க அதிர்வை குறைக்கத்தான் இதை கொண்டு வந்தாங்க, சத்தம் கூட வந்த போனஸ். ஃபெராரி வி8ல கிராங்க் தட்டையா இருக்கும், அதுல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு எண்ணிக்கைக்கு ஒரு தடவை சமமா வெடிக்கும், தக தக தக தக, அதான் அது கத்துது, இது உறுமுது. உங்ககிட்ட இருக்கறது குறுக்கு கிராங்க், அதனால அடிப்படை சத்தம் ஏற்கனவே கைல இருக்கு. அதை கெடுக்காம வெளிய கொண்டு வர்றதுதான் வேலை.

ஹாட் ராடுன்னா பழைய காரை வேகத்துக்காக திருத்திக் கட்டறது, அதுக்கு ஆரம்பம் 1932 ஃபோர்டு ஃப்ளாட்ஹெட் வி8, 221 க்யூபிக் இஞ்ச், வெறும் 65 ஹெச்பி. தெற்கு கலிஃபோர்னியா பசங்க அதை வாங்கி மட்கார்டு எல்லாம் கழட்டிப் போட்டுட்டு முரோக் மாதிரி காய்ஞ்ச ஏரியில போய் ஓட்டினாங்க, அவங்க சேந்து 1937ல ஆரம்பிச்ச எஸ்சிடிஏ சங்கம் இன்னிக்கும் ரேஸ் நடத்துது. ஃப்ளாட்ஹெட் சத்தம் கொஞ்சம் தனி, ஏன்னா அதுல வால்வு மேல இருக்கற ஹெட்ல இல்லாம சிலிண்டர் இருக்கற பிளாக்லயே இருக்கும், எக்ஸாஸ்ட் பிளாக்குக்கு உள்ளேயே தண்ணி ஜாக்கெட் வழியா சுத்தி வெளிய வரும், போதாததுக்கு நடுவுல இருக்கற ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். அதனால ஜதி அதேதான்னாலும் நடுவுல ரெண்டு அடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும், கொஞ்சம் தொண்டை கட்டின மாதிரி, கேக்க அவ்ளோ நல்லா இருக்கும். இன்ஜின் சூடாகி உயிரை வாங்கறதுக்கும் அதே டிசைன்தான் காரணம். 1955ல செவி 265 வந்ததும் கதை மாறிடுச்சு. சோரா ஆர்கஸ் டன்டோவ், அந்த ஃப்ளாட்ஹெட்டுக்கு ஆர்டன்னு மேல் வால்வு ஹெட் செஞ்சவர், 1953ல செவியோட தாய் கம்பெனி ஜிஎம் உள்ளே இருந்துக்கிட்டே ஹாட் ராடு பசங்க எல்லாம் ஃபோர்டு பக்கம்தான் இருக்காங்க, நாம பார்ட்ஸ் குடுத்தா இந்தப் பக்கம் வருவாங்கன்னு மேலிடத்துக்கு குறிப்பு எழுதினார். வந்தாங்க. 350 வந்தது 1967ல, அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அந்த இன்ஜினுக்கு கிடைக்காத பார்ட்ஸே கிடையாது.

சரி உங்க இன்ஜினுக்கு வரேன். முதல்ல 400 ஹெச்பிங்கறதை யோசிங்க. ஃபைபர் ரோட்ஸ்டர் ஆயிரம் கிலோவை ஒட்டித்தான் வரும். ஹெச்பிங்கறது டார்க்கை (இன்ஜின் சுத்தற விசையை) ஆர்பிஎம்மால பெருக்கி 5252ஆல வகுத்தா வர்ற கணக்கு, அவ்ளோதான். 4000 ஆர்பிஎம்ல 400 பவுண்டு அடி டார்க் இருந்தா அங்க 305 ஹெச்பி. ஊருக்குள்ள நீங்க முக்கால்வாசி நேரம் இருக்கறது 1500ல இருந்து 4000க்குள்ளதான், அங்க டார்க் இல்லாம 6500ல 450 ஹெச்பின்னு காகிதத்துல வெச்சுக்கிட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல, அதுவும் இவ்ளோ லேசான வண்டிக்கு பின்னாடி டயர் பிடிக்கறதே பெரும்பாடு. 380ல இருந்து 400க்குள்ள வெச்சுக்கிட்டு டார்க்கை கீழயே கொண்டு வாங்க, அப்பதான் வண்டி ஓட்ட சந்தோஷமா இருக்கும்.

பிளாக்கை பட்டறைக்கு குடுக்கறப்ப ரீபோர் 30 தௌ பண்ணுங்க (தௌன்னா ஆயிரத்துல ஒரு இஞ்ச், ஊர்ல லேத்து பட்டறை பக்கம் போனவங்களுக்கு தெரியும்), போர் 4.030 ஆகும், இன்ஜின் 355 க்யூபிக் இஞ்ச் ஆகிடும். இங்க ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் பட்டறையில காசு மிச்சம் பண்ண விட்டுடுவாங்க. கம்பெனியில இருந்து வந்த 350ல பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது பிளாக் மட்டத்துக்கு சுமார் 25 தௌ கீழயே நின்னுடும். அதுக்கு மேல 40 தௌ கேஸ்கெட் போட்டா பிஸ்டனோட தட்டையான பாகத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவுல 65 தௌ கேப். அந்த கேப் 40 தௌ கிட்ட இருந்தாதான் கடைசி நேரத்துல கலவை அங்கிருந்து பிதுங்கி பிளக் பக்கம் பாயும், நல்லா கலங்கி சீக்கிரம் எரியும், நாக்கிங் வராது. 65ல ஒண்ணும் நடக்காது, அங்க மாட்டின கலவை சும்மா உக்காந்திருந்து தானா வெடிக்கும், அதான் நாக்கிங். அதனால பிளாக் மேல்மட்டத்தை சீவி பிஸ்டனை மட்டத்துக்கு கொண்டு வாங்க. கணக்கும் பாருங்க: 64 சிசி சேம்பர் ஹெட், பிஸ்டன்ல வால்வுக்கு வெட்டின பள்ளம் 5 சிசி, சீவாம விட்டா கம்ப்ரஷன் 9.75 கிட்ட, சீவினா 10.3. பட்டறை கூலி மட்டும்தான் செலவு, கம்ப்ரஷனும் ஏறுது, நாக்கிங்கும் குறையுது. வேற எந்த வேலையிலயும் ரெண்டும் ஒண்ணா கிடைக்காது.

என் முதல் இன்ஜினுக்கு இதை பண்ண சொல்லி குடுத்தேன், பட்டறைக்காரர் பண்ணியாச்சுன்னு சிரிச்சுக்கிட்டே குடுத்தார், நானும் பில்லை பாத்து சந்தோஷப்பட்டு மாட்டிட்டேன். வெயில் காலத்துல மேடு ஏறும்போது கூழாங்கல்லை டப்பாவுல போட்டு குலுக்கின சத்தம். டைமிங்கை (பிளக் பொறி விடற நேரத்தை) குறைச்சு குறைச்சு ஓட்டினேன், பவரும் போச்சு, எக்ஸாஸ்ட் சத்தமும் மந்தமாச்சு. ஆறு மாசம் கழிச்சு ஹெட்டை கழட்டி டயல் கேஜ் வெச்சா ஒரு மூலையில 12 தௌ, இன்னொரு மூலையில 27. தப்பு அவர் பண்ணினாலும் அளக்காம மாட்டினது நான்தானே. பட்டறையில இருந்து எது வந்தாலும் நாலு மூலையிலயும் நீங்களே அளந்துட்டு மாட்டுங்க.

இப்ப கேம். சத்தத்துல பாதி இங்கதான். எக்ஸாஸ்ட் வால்வு மூடறதுக்கு முன்னாடியே இன்டேக் வால்வு திறக்கும், ரெண்டும் ஒண்ணா திறந்திருக்கற அந்த நேரத்தை ஓவர்லாப்னு சொல்வாங்க. மேல 4000, 5000ல ஓடும்போது வெளிய போற எக்ஸாஸ்ட் வேகமா போய் பின்னாடி ஒரு வெற்றிடத்தை விட்டுட்டு போகும், அது புது கலவையை உள்ள இழுக்கும், பவர் கிடைக்கும். ஆனா ஐடில்ல அந்த வேகம் இல்லாததால எரிஞ்ச புகையே இன்டேக் பக்கம் திரும்பி வந்து கலவையில கலந்துடுது, ஒரு சிலிண்டர் நல்லா எரியும், அடுத்தது அரைகுறையா எரியும், ஒண்ணு எரியாமலே போகும். அந்த தடுமாற்றம்தான் நீங்க கேக்கற அந்த லம்ப் லம்ப். பச்சையா சொன்னா அது அரை மிஸ்ஸிங், ஊர்ல மெக்கானிக்கிட்ட போனா பிளக்கை கழட்டிப் பாப்பார், இங்க அதுக்கு காசு குடுத்து வாங்கறோம்.

கணக்கு சுலபம். டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கற டிகிரி, இன்டேக்குக்கு 276, எக்ஸாஸ்டுக்கு 284ன்னு கேட்லாக்ல போட்டிருந்தா ரெண்டையும் கூட்டி நாலால வகுங்க, 140. அதுல லோப் செபரேஷனை (இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டோட கேம் மேட்டுக்கும் நடுவுல இருக்கற கோணம்) கழிங்க, 110ன்னா மிச்சம் 30, அதை ரெண்டால பெருக்கினா 60 டிகிரி ஓவர்லாப். அதே டியூரேஷன்ல செபரேஷன் 106னா 68 டிகிரி, 114னா 52. அதாவது டியூரேஷனை ஏத்தாமலே செபரேஷனை இறுக்கி சத்தத்தை கொண்டு வரலாம், லேசான வண்டி, மேனுவல் கியர், உங்களுக்கு அதான் சரி. நிறைய பேர் பண்ற தப்பு என்னன்னா சத்தத்துக்காக கேட்லாக்ல கடைசி பக்கத்துல இருக்கற பெரிய கேமை எடுக்கறது. டியூரேஷன் பெருசானா இன்டேக் வால்வு லேட்டா மூடும், பிஸ்டன் மேல வரும்போது உள்ள வந்த கலவையில கொஞ்சம் திரும்பி வெளிய போயிடும், 10.3 கம்ப்ரஷன் காகிதத்துல மட்டும்தான் இருக்கும், கீழ வண்டி செத்த மாதிரி கிடக்கும். கம்ப்ரஷன் இல்லாத பெரிய கேம் சத்தமும் நல்லா இருக்காது, இருமற மாதிரி இருக்கும், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு கூர்மை இருக்காது.

நான் போடறதுன்னா ஹைட்ராலிக் ரோலர், அதாவது கேம் மேல உக்காந்து வால்வை தள்ற லிஃப்டர்ல உருளை வெச்சது. லிஃப்டர் 50 தௌ எழும்பின இடத்துல இருந்து அளந்தா (கேட்லாக் டியூரேஷனை விட இது கம்மியா வரும்) இன்டேக் 224, எக்ஸாஸ்ட் 230, செபரேஷன் 108 இல்ல 110, லிஃப்ட் (வால்வு திறக்கற உயரம்) அரை இஞ்ச் கிட்ட. வேக்குவம் கொஞ்சம் குறையும், பிரேக் பூஸ்டர் வெச்ச கனமான கார்னா அதுக்கு யோசிக்கணும், உங்க ரோட்ஸ்டருக்கு பூஸ்டரே வேண்டாம். வால்வு ஸ்பிரிங் அந்த கேமுக்கு கம்பெனிக்காரன் சொன்னதையே வாங்குங்க, பழைய ஸ்பிரிங்கை மாட்டி வெச்சு 5500ல வால்வு மிதக்க விடாதீங்க.

ரோலர்னு ஏன் அடிச்சு சொல்றேன்னா அதுதான் நான் பாழாக்குன ரெண்டாவது இன்ஜின். பழைய ஸ்டைல் ஃப்ளாட் டாப்பெட் கேம் விலை கம்மி, லிஃப்டர் அடிப்பாகம் கேம் மேல நேரா உரசும். அது லேசா குவிஞ்சிருக்கும், லோப் லேசா சாய்ஞ்சிருக்கும், லிஃப்டர் சுத்திக்கிட்டே இருக்கறதாலதான் தேயாம இருக்கு. முதல் இருபது நிமிஷம் 2000க்கு மேலயே ஓட்டணும், ஏன்னா கேம் மேல எண்ணெய் வர்றதே கிராங்க் சுத்தி அடிக்கற சிதறல்லதான், ஐடில்ல விட்டா பத்தாது. நான் என்ன பண்ணினேன், கார்புரேட்டர்ல பெட்ரோல் நிரப்பாம செல்ஃப் அடிச்சேன், பிடிக்கல, திரும்ப அடிச்சேன், டைமிங் ஒரு பல்லு தப்பு, திரும்ப அடிச்சேன், கேம் மேல தடவுன பேஸ்ட் எல்லாம் போயிடுச்சு. கடைசில பிடிச்சு ஓடுச்சு, ரெண்டு நாள் கழிச்சு எண்ணெய் வடிச்சா தீபாவளி மத்தாப்பு பொடி மாதிரி மினுமினுங்குது. ரெண்டு லோப் வட்டமா தேஞ்சு போச்சு, அந்த தூள் பேரிங் வரைக்கும் போயிடுச்சு. இப்ப வர்ற கார் எண்ணெய்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக ஜிங்க் சேர்மானத்தை குறைச்சிட்டாங்க, அதனால இன்னும் ஆபத்து. 87ல இருந்து வந்த பெரும்பாலான 350 பிளாக்ல ரோலர் லிஃப்டருக்கு கம்பெனியே இடம் விட்டிருக்கும், செலவு கம்மி. அதுக்கு முந்தின பிளாக்னா ஜோடியா இணைச்ச ரோலர் லிஃப்டர் வாங்கணும், கொஞ்சம் காசு, ஆனா ஒரு இன்ஜினை திரும்ப கட்டறதை விட கம்மிதான்.

ஹெட்டுக்கு ரெண்டு வழி. காசு கம்மின்னா 96ல இருந்து 2000 வரைக்கும் ட்ரக்ல வந்த வோர்டெக் இரும்பு ஹெட், காஸ்டிங் நம்பர் கடைசியில 906 இல்ல 062ன்னு இருக்கும், அந்த விலைக்கு அதை மாதிரி காத்து விடற ஹெட் கிடையாது. ஆனா மூணு தொல்லை: வால்வு சீட்டுக்கு நடுவுல விரிசல் விடும், அதனால சோதிக்காம வாங்காதீங்க. அரை இஞ்ச் லிஃப்ட் அப்படியே தாங்காது, கைடை வெட்டணும். இன்டேக் மேனிஃபோல்டு அதுக்குன்னு தனியா எட்டு போல்ட் வெச்சது வாங்கணும். மூணுக்கும் செலவழிச்சு முடிச்சா அலுமினியம் ஹெட் விலைக்கு பக்கத்துல வந்துடுவீங்க, அதனால முடிஞ்சா நேரா 180ல இருந்து 195 சிசி ரன்னர் (காத்து உள்ள வர்ற வழி) அலுமினியம் ஹெட்டே போடுங்க, மேல சொன்ன கேம், கம்ப்ரஷனோட 400ஐ தொடும். 220 சிசி கிடைக்குதுன்னு யாராவது தள்ளினா வேணாம், 355க்கு அது பெரிய வாசல், காத்து மெதுவா நடந்து வரும்.

கார்புரேட்டர் விஷயத்துல சண்டையே வேண்டாம். க்யூபிக் இஞ்சை ஆர்பிஎம்மால பெருக்கி 3456ஆல வகுங்க: 355க்கு 6000ல 616 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து), அதுவும் இன்ஜின் நூத்துக்கு நூறு காத்து இழுத்தா. உண்மையில 90 சதம்னு வெச்சாலும் 555. 650 தாராளம். 850 வாங்கிட்டு வந்து பிக்கப் இல்லைன்னு அழறவங்க வாரம் ஒருத்தர் வராங்க. மேனிஃபோல்டு டூயல் பிளேன். மூணு ரெண்டு பேரல் கார்புரேட்டரை வரிசையா வெக்கற அந்த பழைய அழகு வேணும்னா வெச்சுக்கோங்க, ஊருக்குள்ள நடு கார்புரேட்டர் மட்டும் வேலை செய்யற மாதிரி லிங்கேஜ் போடுங்க, பானெட் பக்கவாட்டு இல்லாத ரோட்ஸ்டர்ல முழுசா மிதிச்சா மூணும் திறந்து காத்து இழுக்கற அந்த ஹோங்குற சத்தம் எக்ஸாஸ்டுக்கு சரிசமமா கேக்கும். அதை மறந்துட்டுதான் எல்லாரும் பின்னாடி பைப்பையே பேசறாங்க.

ஹெடர். ஊர்ல பைக் ஓட்டின காலத்துல கேட்டிருப்பீங்க, புல்லட் சைலன்சரை குடைஞ்சா பேக் பிரஷர் போய் பிக்கப் போயிடும்னு. பிக்கப் போறது உண்மை, சொல்ற காரணம் தப்பு. எந்த இன்ஜினுக்கும் எதிர் அழுத்தம் வேண்டாம், வேண்டியது வேகம். வால்வு திறந்ததும் ஒரு அழுத்த அலை பைப்ல ஓடி, பைப் அகலமாகற இடத்துக்கு வந்ததும் அங்கிருந்து ஒரு இழுக்கற அலையா திரும்பி வரும். அது ஓவர்லாப் நேரத்துல வால்வுக்கு வந்து சேந்தா உள்ள இருக்கற புகையை உறிஞ்சி எடுத்துட்டு புது கலவையையும் இழுக்கும். பைப் தேவைக்கு மேல பெருசானா வாயு சோம்பேறியா போகும், அந்த இழுவை போயிடும். 400 ஹெச்பி 350க்கு 1 5/8 இஞ்ச் பைப், 3 இஞ்ச் கலெக்டர் (நாலு பைப்பும் ஒண்ணா சேர்ற இடம்), அதுக்கு மேல ஆசைப்படாதீங்க. 32 சேஸிஸ்ல ஸ்டியரிங் பாக்ஸ் இடிக்கும், அதனால பிளாக்கை ஒட்டி வர்ற குட்டி ஹெடர்தான் பலர் போடறாங்க, மேல கொஞ்சம் பவர் போகும். பாடியே பக்கவாட்டுல திறந்து கிடக்கற வண்டி, வெளிய இறக்கி நீள ஹெடர் போட்டா பவரும் உண்டு, பாக்கவும் அழகு. தகடு கனம் பாருங்க, மெல்லிசு பைப் தகர டப்பா மாதிரி கிணுகிணுக்கும், ஒண்ணரை மில்லிமீட்டருக்கு குறையாம எடுங்க.

இப்ப அந்த ஜதியை ஞாபகம் வெச்சுக்கிட்டு ரெண்டு பைப்பையும் நடுவுல இணைக்கற விஷயத்துக்கு வாங்க. ரெண்டையும் எக்ஸ் மாதிரி குறுக்க சேத்தா ரெண்டு பக்கத்து அடியும் கலந்து எட்டு எண்ணிக்கையும் நிரம்பிடுது, தகிட தக போய் சமமான எட்டு அடி ஆகிடும். மேல பவர் கொஞ்சம் கூடலாம், ஆனா சத்தம் மெல்லிசா, ரேஸ் கார் மாதிரி ஏறும். ஹெச் மாதிரி ஒரு குறுக்கு பைப் மட்டும் போட்டா கொஞ்சம்தான் கலக்கும், ஜதி நிக்கும், அடித்தொண்டை சத்தம் கூடும். ஒண்ணுமே இணைக்காம விட்டா பழைய காலத்து பச்சை சத்தம், ரெண்டு பைப்பும் தனித்தனியா பேசும். ஹாட் ராடுக்கு நான் ஹெச்தான் போடுவேன், இல்லன்னா சும்மா விட்டுடுவேன். எக்ஸ் போட்டு ஓட்டற நண்பர் ஒருத்தர் என்னோட சண்டைக்கு வருவார், வரட்டும்.

செவியோட அடுத்த தலைமுறை வி8 எல்எஸ் இன்ஜினை போட்டுடுன்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல இன்ஜின், ட்ரக் 5.3 பழைய இரும்பு கடையில சல்லிசா கிடைக்கும், காசுக்கு பவர்னு பாத்தா உங்க 350 தோத்துடும். அதோட ஃபயரிங் ஆர்டர் 1-8-7-2-6-5-4-3, எண்ணிப் பாத்தா பைப்ல வர்ற ஜதி அதேதான், எந்த சிலிண்டர் எந்த அடிக்கு வருதுங்கறதுதான் மாறும். ஆனா கம்பெனி கேம் ஓவர்லாப் ரொம்ப கம்மியா, சாதுவா இருக்கும், அதான் சத்தம் பத்தலைன்னு தோணுது, கேம் மாத்தினா அதுவும் பேசும். உங்ககிட்ட 350 இருக்கு, கார்புரேட்டர் ஆசையும் இருக்கு, அதை விடுங்க.

கடைசியா சைலன்சர். ரெண்டரை இஞ்ச் பைப், நேரா ஊடுருவிப் போற கண்ணாடி நார் சைலன்சர், 24 இஞ்ச் நீளத்துக்கு இடம் இருந்தா நல்லது. உள்ள ஓட்டை போட்ட குழாய், சுத்தி நார், அவ்ளோதான், கூரான சத்தத்தை மட்டும் உறிஞ்சிட்டு கனமானதை விட்டுடும். நார் வருஷம் போகப் போக எரிஞ்சு போகும், சத்தம் ஏறிக்கிட்டே போகும், அதுக்காக புதுசுல கொஞ்சம் அடக்கமாவே எடுங்க. உள்ள குழாயில ஓட்டைக்கு பதிலா செதில் மாதிரி தூக்கி வெச்சது வாங்கினா காத்தை தடுக்கும். அறை அறையா தடுப்பு வெச்ச சைலன்சர் ஐடில்ல நல்லா குரைக்கும், ஆனா நெடுஞ்சாலையில மண்டைக்குள்ள ஹூம்னு ஒரு இரைச்சல் வரும், ரெண்டு மணி நேரம் தாங்காது. அப்படி இரைச்சல் வந்தா வண்டி ஓடற ஆர்பிஎம்மை பாருங்க. 2000ல செகண்டுக்கு 133 வெடி. சூடான பைப்ல ஒலி செகண்டுக்கு 480 மீட்டர் கிட்ட போகும், அதை 133ஆல வகுத்து அதுல கால் பங்கு எடுத்தா 90 சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு நுனி மூடின ஒரு பைப்பை பக்கத்துல கிளையா ஒட்டினா அந்த இரைச்சல் மட்டும் அடங்கிடும், மத்த சத்தம் அப்படியே இருக்கும். நான் பண்ணினேன், மனைவி மறுபடி வண்டியில ஏறினாங்க.

பக்கத்து வீட்டு புகார் பத்தியும் கேட்டிருந்தீங்க. கலிஃபோர்னியாவுல இந்த எடை காருக்கு எக்ஸாஸ்ட் வரம்பு 95 டெசிபல், உங்க மாநிலத்துல என்னன்னு பாத்துக்கோங்க. பழைய ஆளுங்க பண்ணின வழி இருக்கே, ஹெடர்ல இருந்து பக்கவாட்டுல ஒரு பைப்பை நீட்டி நுனியில மூடி போட்டு போல்ட் அடிச்சு வெக்கறது, ஏரிக்கு போனதும் மூடியை கழட்டிட்டு ஓட்டறது. அதையே வெச்சுக்கோங்க, தெருவுல மூடி, ட்ராக்ல கழட்டி. கலெக்டர் கேஸ்கெட் மட்டும் நல்லா இறுகணும், அங்க காத்து உறிஞ்சினா ஆக்ஸிலரேட்டரை விடும்போதெல்லாம் பட் பட்னு வெடிக்கும், அதை ஸ்டைலுன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

டைமிங் ஐடில்ல 14ல இருந்து 16 டிகிரி, 2800 ஆர்பிஎம்க்குள்ள மொத்தம் 34, அலுமினியம் ஹெட்டுக்கு 32ல ஆரம்பிச்சு ஏத்திப் பாருங்க. ஐடில் 850ல வெச்சுக்கோங்க. சத்தம் இன்னும் குதிக்கணும்னு 600க்கு இறக்கறாங்க சில பேர், சூடான இன்ஜின்ல அங்க எண்ணெய் அழுத்தம் பாத்தா நீங்களே திரும்ப ஏத்திடுவீங்க. ஆயிரம் ஆர்பிஎம்க்கு 10 பிஎஸ்ஐங்கறது பழைய கணக்கு, இன்னிக்கும் போதும்.

எதையும் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. பிளாக்குக்கு பின்னாடி கியர்பாக்ஸ் சேர்ற விளிம்புல, டிரைவர் பக்கம், ஏழு எட்டு இலக்கத்துல காஸ்டிங் நம்பர் இருக்கும், கிரீஸை சுரண்டிட்டு பாருங்க. 3970010ன்னு இருந்தா எழுபதுகள் பிளாக், நல்ல பிளாக், ஆனா ரோலருக்கு இணைப்பு லிஃப்டர் வாங்கணும். அப்படியே வால்வு கவரை கழட்டி ஹெட் நம்பரையும் குறிச்சு ரெண்டையும் இங்க போடுங்க, கேம் நம்பர் வரைக்கும் உக்காந்து பேசிடலாம்.